ஹெலிகாப்டர் பணிக்குழுவுக்கான செவிக்காப்பு: அனுபவமுள்ளோரின் ஆலோசனை தேவை

வணக்கம். ஹெலிகாப்டரில் பெரும்பாலும் கதவைத் திறந்துவைத்துப் பணிபுரியும் எங்கள் குழுவுக்கு, எதிர் ஒலியலையை உருவாக்கி இரைச்சலைத் தணிக்கும் ஹெட்செட்டுகள் வாங்குவது குறித்து உங்கள் ஆலோசனையை வேண்டுகிறேன்.

சுழலியின் தாழ்ந்த முழக்கத்தை இம்மின்னணு முறை நன்றாகக் குறைக்கிறது. ஆனால் கியர்பாக்ஸின் கீச்சொலியைத் தடுப்பது காதுறையின் இறுக்கமான பொருத்தமே என்பதால், மூக்குக்கண்ணாடியின் கம்பி அவ்வுறையின் விளிம்பு மெத்தையில் இடைவெளி உண்டாக்கினால் இரண்டு பாதுகாப்பும் குறைந்துவிடுகின்றன. இதுவே என் பெருங்கவலை. 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்ற அளவுக்கு மேல், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது என்பதே அமெரிக்காவின் நியோஷ் என்னும் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை.

சிறு ஒலிபெருக்கி பொருத்திய காதுச்செருகிகளையும் காதுறைக்குள்ளே சேர்த்து அணிந்தவர்கள், பேச்சு தெளிவாகக் கேட்கிறதா, பேட்டரி தீர்ந்த பின்னும் உரையாடல் தொடர்கிறதா, வியர்வையில் மெத்தை எவ்வளவு காலம் தாங்குகிறது என்பவற்றைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.