வெளிநாட்டுக்கு மெசேஜ் அனுப்ப மலிவா ஒரு வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். நாங்க குடியாத்தம். தம்பி மஸ்கட்ல வேலை. அம்மா கையில பட்டன் போன்தான். சிரசு திருவிழா அன்னைக்கு அவனுக்கு நாலு வரி எஸ்எம்எஸ் அனுப்பிச்சாங்க, 15 ரூபா போச்சு! ரீசார்ஜ்ல தினமும் 100 எஸ்எம்எஸ் இலவசம்னு கடைக்காரர் சொன்னாரே, அது உள்நாட்டுக்கு மட்டுமாம். வெளிநாட்டுக்கு ஒண்ணுக்கு 5 ரூபா.

சரி, ஏன் மூணு மெசேஜ் காசு? தமிழ்ல எழுதினா ஒரு எஸ்எம்எஸ்க்கு 70 குறியீடுதான், இங்கிலீஷ்ல 160. அதுலயும் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி கணக்கு. 'குடியாத்தம்' நம்ம கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்கு 11.

என் பழைய ஸ்மார்ட்போன்ல வாட்ஸ்அப் போட்டுக் கொடுக்கலாம்னு பார்க்கிறேன். அம்மாவுக்கு டைப் பண்ண வராது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா, வேலை நேரத்துல அவனால கேட்க முடியல, எழுத்தா அனுப்புங்கன்றான். பேசினா எழுதுற வசதியைப் போட்டுக் காட்டினேன். அம்மா "இன்னாடா, துன்னியா?"ன்னாங்க, அது "என்னடா துணியா"ன்னு எழுதிச்சு. தம்பி என்ன துணின்னு கேட்டு ரெண்டு நாள் குழம்பினான்.

நம்ம ஊர்ப் பேச்சு புரியிற கீபோர்டு ஏதாவது இருக்கா? மெசேஜுக்கு மட்டும் போதும், வீடியோ எல்லாம் வேணாம். அதுக்குக் குறைஞ்ச விலையில எந்த டேட்டா பேக் போடலாம்? வீட்ல யாராச்சும் வளைகுடாவுல இருக்கிறவங்க, நீங்க என்ன பண்றீங்கன்னு சொல்லுங்களேன்.