மொழி ரத்தத்துல வர்றதா, ஊர்ல வர்றதா? ஏற்காட்டு குரங்குல ஆரம்பிச்ச விவாதம்

சேர்வராயன்மகன்:
நேத்து இன்னொரு திரியில ஒருத்தர் "மொழி முழுக்க சமூகம் கத்துக்குடுக்கறது, உடம்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல"ன்னு எழுதியிருந்தாரு, படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஒப்பல. ஏற்காடு மலைப்பாதை குரங்குங்க பொறந்ததுல இருந்து டூரிஸ்ட் பேசற தமிழ், கன்னடம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் வளருது, ஒரு வார்த்த வருதா? நம்ம வீட்டு ஒரு வயசு குழந்த யாரும் பாடம் நடத்தாமயே "தா, வா"ங்குது. கென்யாவுல வெர்வெட் குரங்குங்க சிறுத்தைக்கு ஒரு சத்தம், கழுகுக்கு ஒண்ணு, பாம்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போடுதுன்னு 1980லயே காட்டிட்டாங்க, ஆனா அத வச்சு நேத்து நடந்த ஒரு விஷயத்த அதுங்களால சொல்ல முடியாது. லண்டன்ல ஒரு குடும்பத்துல மூணு தலைமுறையா பாதிப்பேருக்கு பேச்சு சரியா வராததுக்கு ஃபாக்ஸ்பி2ங்கற ஒரே ஜீன்ல இருக்கற கோளாறுதான் காரணம்னு 2001ல கண்டுபிடிச்சாங்க. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

அம்மாபேட்டை தறி:
தம்பி, அந்த ஜீன் கதைய பத்திரிகைக்காரங்க ஊதிப் பெருசாக்கிட்டாங்க. சக்கரத்துல ஒரு பல்லு போனா தறி நின்னுடும், அதுக்காக அந்த பல்லுதான் சேலைய நெய்யுதுன்னு சொல்லுவீங்களா? ஃபாக்ஸ்பி2 எலிக்கும் இருக்கு, பறவைக்கும் இருக்கு. சிம்பன்ஸிக்கும் நமக்கும் அந்த ஜீன் உண்டாக்கற புரோட்டீன்ல 2 அமினோ அமிலம்தான் வித்தியாசம், அந்த ரெண்டும் அழிஞ்சுபோன ஆதிமனுச இனமான நியாண்டர்தாலுக்கும் இருந்துச்சுன்னு 2007லயே வந்துடுச்சு. எங்க தெருவுல வந்து பாருங்க, சௌராஷ்டிரா வீட்டு குழந்த வீட்டுக்குள்ள சௌராஷ்டிரா பேசும், வாசல்ல தமிழ், பக்கத்து வீட்ல தெலுங்குன்னா அதையும் புடிச்சுக்கும். எந்த மொழியும் ரத்தத்துல வரல.

சேர்வராயன்மகன்:
அண்ணா, எந்த மொழிங்கறது ஊர்ல வர்றது, அத நானும் மறுக்கல. மொழின்னு ஒண்ண புடிச்சுக்கற சக்தி எங்க இருந்து வருதுங்கறதுதான் கேள்வி. 2016ல மக்காக் குரங்குங்கள எக்ஸ்ரே வீடியோ எடுத்து பாத்தாங்க, நம்ம ஏற்காட்டு குரங்கும் அந்த வகைதான். தொண்டை, நாக்கு, உதடு எல்லாம் பேசறதுக்கு போதுமான அளவு இருக்கு, அத ஓட்டறதுக்கு மூளைதான் இல்லைன்னு முடிவுக்கு வந்தாங்க. மூளை உடம்புதானேண்ணா?

அம்மாபேட்டை தறி:
மூளை வேணும், யாரு இல்லன்னா? ஆனா இலக்கணம் மூளைக்குள்ள ரெடியா ஒக்காந்திருக்குன்னு சொல்றதத்தான் நான் ஒத்துக்கல. எடின்பரோவுல மொழி ஆராய்ச்சி பண்ற சைமன் கர்பி குரூப் 2008ல ஒரு சோதனை போட்டாங்க. கலர் கலரா அசையற உருவங்களுக்கு பேருன்னு அர்த்தமில்லாத வார்த்தைங்கள ஒருத்தருக்கு கத்துக்குடுத்து, அவரு ஞாபகத்துல இருந்து சொன்னத அடுத்தவருக்கு, அவரு சொன்னத அதுக்கடுத்தவருக்குன்னு 10 கை மாத்துனாங்க. யாரும் திட்டம் போடல, ஆனாலும் கடைசியில நிறத்துக்கு ஒரு துண்டு, அசைவுக்கு ஒரு துண்டுன்னு வார்த்தைக்குள்ள ஒழுங்கு தானா உருவாயிருந்துச்சு. கை மாறுறதுலயே இலக்கணம் பொறக்குதுங்க.

மலையடிவாரம் டீச்சர்:
ரெண்டு பேரும் காது கேக்கற குழந்தைய வச்சே பேசறீங்க, நான் காது கேக்காத பிள்ளைங்களுக்கு பாடம் எடுக்கறவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். ஏற்காடு பக்கத்து மலைக்கிராமத்துல இருந்து ஒரு பொண்ணு ஆறு வயசுல எங்ககிட்ட வந்தா. அம்மா எஸ்டேட்ல காப்பிப்பழம் பறிக்கறவங்க. ரெண்டு விரல்ல கிள்ளி இடுப்புக்கூடையில போடற மாதிரி காட்டுனா அது "அம்மா". அவளே உண்டாக்குன சைகை. ஆனா அம்மா நேத்து அழுதாங்க, நாளைக்கு வருவாங்கன்னு கோத்து சொல்ல அவகிட்ட வழியே இல்ல, கைய புடிச்சு இழுப்பா, முடியலன்னா அழுவா. மத்த பிள்ளைங்களோட சேந்தப்புறம்தான் சைகைங்கள அடுக்க ஆரம்பிச்சா.

இதே விஷயம் பெரிய அளவுல மத்திய அமெரிக்காவுல இருக்கற நிகராகுவாவுல நடந்துச்சு. 1977 வாக்குல தலைநகர் மனாகுவாவுல ஸ்கூல் தொறந்தப்புறம்தான் தனித்தனியா வீட்ல கெடந்த காது கேக்காத பிள்ளைங்க ஒண்ணா சேந்தாங்க. வாத்தியாருங்க உதட்டசைவு படிக்க சொல்லிக்குடுத்தாங்க, பிள்ளைங்க மைதானத்துலயும் பஸ்லயும் தாங்களே ஒரு மொழிய உண்டாக்கிட்டாங்க.

சேர்வராயன்மகன்:
டீச்சர், நீங்க சொன்னது என் பக்கம்தான் பேசுது! பெரியவங்க யாருமே சொல்லிக்குடுக்கல, பிள்ளைங்களுக்கு தானா வந்துச்சு.

அம்மாபேட்டை தறி:
தானா வர்றதுன்னா அந்தப் பொண்ணுக்கு வீட்லயே ஏன் வரல? நிகராகுவாவுலயும் ஒரே நாள்ல வரலைங்க. ஒரு பொருள் உருண்டுக்கிட்டே சரிவுல இறங்குறத சொல்லணும்னா மொத செட்டு பிள்ளைங்க ரெண்டையும் ஒரே கையசைவுல காட்டுனாங்க, பின்னாடி வந்த சின்னவங்கதான் "உருளுது", "இறங்குது"ன்னு ரெண்டா பிரிச்சு வரிசையா சொன்னாங்க. அந்த பிள்ளைங்கள ஆராய்ச்சி பண்ண ஆன் செங்கஸ் 2004ல இத எழுதியிருக்காங்க. ஒரு தலைமுறை குடுத்தத அடுத்த தலைமுறை செதுக்குச்சு.

சேர்வராயன்மகன்:
செரி, அந்த மொத செட்டு வளந்தப்புறம் ஏன் அந்த புது வழக்கத்துக்கு முழுசா மாறல? அதே ஊரு, அதே கூட்டம்தானே. சின்ன வயசு மூளைக்கு முடிஞ்சது வளந்த மூளைக்கு முடியல, அது உடம்போட கணக்கு.

மலையடிவாரம் டீச்சர்:
அந்த வயசு கணக்குதான் என் வயித்தெரிச்சலே. "தாத்தாவும் லேட்டாதான் பேசுனாரு, தானா வந்துடும்"னு சொல்லியே மூணு நாலு வருஷத்த விட்டுடறாங்க. மூளை தயாரா இருக்கற நேரத்துல எதிர்ல பேசறதுக்கு, இல்ல சைகை காட்டறதுக்கு ஆள் இருக்கணும், அந்த நேரம் போனா முழுசா திரும்பாது.

வாழப்பாடி வாசகி:
அக்கா, குறுக்க கேக்கறேன் மன்னிச்சுக்கங்க. தங்கச்சி பையனுக்கு ஒன்றரை வயசாவுது, பின்னாடி இருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான். "பையனுங்க லேட்டாத்தான் பேசுவாங்க"ன்னு மாமியார் சொல்றாங்க.

மலையடிவாரம் டீச்சர்:
ஒரு நாள் கூட தள்ளாதீங்கம்மா. பெரிய ஆஸ்பத்திரியில காது மூக்கு தொண்டை பிரிவுக்கு கூட்டிட்டு போங்க, காது கேக்குதான்னு பாக்க ஓஏஇ டெஸ்ட், தேவைன்னா பெரா டெஸ்ட் எடுப்பாங்க, ரெண்டுமே வலிக்காது. காது மெஷினா ஆபரேஷனான்னு டாக்டர் சொல்லட்டும், அதுவரைக்கும் அவன் முகத்துக்கு நேரா ஒக்காந்து கைய காட்டி பேசிக்கிட்டே இருங்க. சைகை பழகுனா பேச்சு வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் எனக்கு தனிச்செய்தி போடுங்க.