புதுப்பிப்பு: பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு குண்டு) இல்லாத ட்ரிகர் பயிற்சி, 3 வாரம் கழித்து

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ட்ரிகரை வெடுக்கென்று இழுத்துவிடுகிறேன், வீட்டில் டிரை ஃபயர் (பெல்லட் போடாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுவது) செய்யலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். செய்தேன், நல்ல பலன்.

கொழிஞ்சாம்பாறை வீட்டின் பின்னறையில் தினமும் 20 நிமிடம். பெல்லட் டப்பா வேறு அறையில், பூட்டி. சேம்பர் (குண்டு போடும் இடம்) காலிதானா என்று இரண்டு முறை பார்த்த பிறகே குறி. எதிரே செங்கல் சுவர். குழல் முனையில் ஒரு ரூபாய்க் காசு. முதல் வாரம் 'ணங்'கென்று விழுந்துகொண்டே இருந்தது. விரல் நுனிச் சதையால் மெல்ல அழுத்தப் பழகியதும் அசையாமல் நிற்கிறது. காசு வைக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி.

என் ரைஃபிளில் டிரை ஃபயருக்கென்றே தனி வசதி உண்டு. ஸ்பிரிங் பிஸ்டன் வகையை வெறுமனே சுடாதீர்கள், உள்ளே காற்றை அடைக்கும் சீல் அடிபடும். .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்துச் சுடும் துப்பாக்கி) என்றால் ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போடுங்கள். இல்லாவிட்டால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) சேம்பர் விளிம்பில் மோதலாம்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில் பெல்லட்டோடு சுடுகிறேன்.