புதுப்பிப்பு: பழைய பெட்ரோல் காரின் மைலேஜ் லிட்டருக்கு 15 கி.மீ.-லிருந்து 11 ஆகக் குறைந்தது – காரணம் தெரிந்தது

மைலேஜ் ஏன் குறைந்தது என்று முன்பு கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன அனைவருக்கும் மிக்க நன்றி. கோளாறு தெர்மோஸ்டாட்டில்தான் (இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு). "ஆக்சிஜன் சென்சாரை மாற்றும் முன் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள்" என்றவர் சொன்னதே சரி.

ஸ்கேனரை மாட்டி அரை மணி நேரம் ஓட்டியும் கூலன்ட் வெப்பநிலை 66 டிகிரியைத் தாண்டவில்லை. அதனால் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருந்தது. ஃபியூயல் சிஸ்டம் ஓப்பன் லூப்பிலேயே நின்றது; அதாவது, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பெட்ரோல் அளவைத் திருத்தவே இல்லை. ஸ்கேனர் இல்லாதவர்கள், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக் கூடாது. இரண்டு மூன்று நிமிடத்திலேயே வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் வால்வு மூடவில்லை என்று அர்த்தம்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டில், வால்வு திறக்கத் தொடங்கும் வெப்பநிலை 88 என்று பொறித்திருந்தது. ஆனால் கையில் எடுத்தபோதே, வால்வுக்கும் விளிம்புக்கும் நடுவே துருச்செதில் ஒன்று சிக்கி, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. புதியதைப் புது கேஸ்கெட்டுடன், காற்று வெளியேறும் சிறு துளை மேலே வரும்படி பொருத்தி, கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றியாயிற்று. இப்போது 90 டிகிரியில் நிலையாக நிற்கிறது. பழைய ஆக்சிஜன் சென்சாரே 0.1–0.9 வோல்ட்டுக்கு இடையே நன்றாக ஏறி இறங்குகிறது.

ஃபுல் டேங்க் கணக்கில் மைலேஜ் 13.8 வந்தது. குறைந்த மீதிக்கான காரணம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது: இடது முன்சக்கரம் மட்டும் கொதித்தது. காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகர உதவும் ஸ்லைடு பின் இறுகி, பிரேக் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவிய பிறகு 14.9.