புதுப்பிப்பு: ராக்ஸ்டெடி தட்டில் சுருதி ஆடியது ஏன்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: புதிதாக வாங்கிய ராக்ஸ்டெடி (1960களின் ஜமைக்கா இசை) மறுபதிப்பு எல்பி இசைத்தட்டில் நீட்டிப் பாடும் இடமெல்லாம் சுருதி தள்ளாடுகிறது, போதாததற்குப் பொரிகிற சத்தம் வேறு. டர்ன்டேபிள் பெல்ட்டை மாற்றச் சொன்னவர்கள்தான் அதிகம். மாற்றினேன், பயனில்லை.

காரணம் தட்டின் நடு ஓட்டை. மையத்திலிருந்து துளி விலகியிருக்கிறது, அவ்வளவுதான். ஊசிக்கை இடமும் வலமுமாக அசைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்பக்கப் பாடல்களுக்குப் போகப் போக ஆட்டம் கூடும். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் வேறு பிரதி தந்தார். இதில் சுருதி நிற்கிறது.

பொரிச்சல் மட்டும் போகவில்லை. அது அழுக்கல்ல, பதிவிலேயே இருப்பது. ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டனில் அந்தக் காலத்தில் பதிவான மாஸ்டர் நாடாக்கள் (மூல ஒலிப்பதிவுகள்) பல தொலைந்தோ கெட்டோ போயின. அதனால் பழைய 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) தட்டை ஓட்டி, அதிலிருந்தே மறுபதிப்பு எடுப்பதும் உண்டு. பொரிச்சலை ஒரேயடியாக வழித்தால் சிம்பல் ஓசையும் கூடவே போய்விடும். விட்டுவைத்ததே நல்லது என்பேன். ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை (இடம், வலம் இரண்டு ஒலியையும் ஒன்றாக்குவது) அழுத்தியதும் பெருமளவு அடங்கிவிட்டது.

அப்புறம், இதற்கு முந்தைய ஜமைக்கா இசையான ஸ்காவுக்கும் ராக்ஸ்டெடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டவருக்கு: 1966 வாக்கில் வேகம் தணிந்தது, ஊதுகுழல்கள் பின்வாங்கின, பேஸ் கிடார் முன்னுக்கு வந்தது. முதலில் 1964-65 ஸ்காட்டலைட்ஸ் என்ற ஸ்கா குழுவில் டான் டிரம்மண்டின் டிராம்போனைக் கேளுங்கள். பிறகு ராக்ஸ்டெடிக்கு ஹோப்டன் லூயிஸின் 'டேக் இட் ஈசி'. அதில் கிடார் லின் டெயிட். டிரினிடாட்காரர், ஸ்டீல் பேன் வாசித்து வளர்ந்தவர்.