படுகைல சவுக்கு வேணாமே

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஊர் கொள்ளிடம் ஆத்துப் படுகைல சவுக்கு போட்டா நாலஞ்சு வருசத்துல வெட்டி வித்து கோயில் நிதிக்கு ஆவும்னு நம்ம குழுவுல அண்ணன் ஒருத்தர் எழுதியிருந்தாரு. கணக்கு சரிதான்ணே, ஆனா வெட்டுன மறுநாள் படுகை மொட்டையா நிக்குமே, அடுத்த வெள்ளத்துல கரைய எது புடிச்சு நிறுத்தும்?

போன ஜூன் லீவுல பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு கொரியா போயிருந்தோம், தெக்கால ஹாதோங்னு ஒரு சின்ன ஊரு, சொம்ஜின் ஆத்தங்கரை. அங்க ஒரு பைன் காடு இருக்கு. காத்துல ஆத்து மணல் ஊருக்குள்ள அடிக்குதுன்னு 1745ல அந்த ஊர் அதிகாரி ஒருத்தர் நட வெச்சதாம். அந்த மரமெல்லாம் இன்னும் நிக்குது, பட்டை ஆமை ஓடு மாதிரி வெடிச்சு கெடக்கு. 2005ல அரசாங்கமே இயற்கை நினைவுச்சின்னம்னு அறிவிச்சிருச்சு. ஊர்ப் பெருசுங்க நெழல்ல ஒக்காந்து கதை பேசுறாங்க, பிள்ளைங்க எறங்கி வெள்ளை மணல்ல ஆடுதுங்க, வெளிய வந்தா அந்த ஆத்து மட்டிச் சிப்பில சூப்பு, மட்டி நகம் அளவுதான் ஆனா ருசின்னா ருசி. மணலத் தடுக்க நட்டது, இப்ப ஊருக்கே அதான் பேரு.

சவுக்கு மேல எனக்கு கோவம் ஒண்ணும் இல்ல. இங்க சிங்கப்பூர்ல பொங்கோல் பக்கம் கோனி ஐலண்ட்னு ஒரு சின்ன தீவுல நெறைய சவுக்கு இருக்கு, 2015ல பார்க்கா தொறந்தப்ப விழுந்த மரத்த அறுத்து பெஞ்சு, போர்டெல்லாம் செஞ்சு போட்டாங்க. விழுந்தாதான் அறுத்தாங்க, அதுதான் வித்தியாசம். (பார்க்காதவங்க போயிட்டு வாங்க, சாயங்காலம் ஏழு மணிக்கு கேட்ட மூடிருவாங்க.)

பைன் நம்ம சூட்டுக்கு வராது. நீர்மருது, புங்கன், இலுப்பை போடலாம், ஆத்தங்கரை மரந்தானே இதெல்லாம், வெள்ளம் வந்தாலும் நிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னாடி குழி எடுக்கணும், படுகை புறம்போக்குங்கறதால நீர்வளத்துறை அனுமதி இல்லாம மம்பட்டிய தொடாதீங்க, ஊர்ல இருக்குற தம்பிங்க மொதல்ல அத விசாரிச்சு எழுதுங்கப்பா.

கன்னு வாங்குறது பெரிய செலவில்ல, ஆடு மேயாம வேலியும் கோடைல தண்ணி ஊத்த ஒரு ஆளும்தான் செலவே. அந்த ஆளு சம்பளத்துக்கு மாசம் 50 வெள்ளி நான் தரேன், மூணு வருசத்துக்கு. வேற யாரு சேர்றீங்க?