மாட்டுத் தீவனத்தில் மோனென்சின்: குடல் பாக்டீரியா மருந்துக்கு அடங்காமல் போகுமா?

கேள்வி (பால்பண்ணையாளர், பொள்ளாச்சி):
எங்களிடம் எட்டு கலப்பினக் கறவை மாடுகள் உள்ளன. தீவனக் கடையில் ஒரு பொடியைக் கொடுத்து, அடர்தீவனத்தில் கலந்து வைத்தால் தின்றது வீணாகாமல் பாலாக இறங்கும் என்றார்கள். பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் ‘மோனென்சின்’ என்றிருக்கிறது. ஆன்டிபயாடிக்கா என்று கேட்டால், மனிதருக்குக் கொடுக்கும் மருந்து இல்லை, பயம் வேண்டாம் என்கிறார் கடைக்காரர். சென்ற ஆண்டு மடிநோய்க்குப் போட்ட ஊசி இரண்டு மாடுகளுக்குக் கேட்கவில்லை. அதனால்தான் தயங்குகிறேன்.

பதில் 1 (கால்நடை மருத்துவர்):
ஐயா, கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. மோனென்சின் அயனோஃபோர், அதாவது அயனியைச் சுமந்து செல்லும் வகையைச் சேர்ந்தது. சோடியம் அயனியைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவின் சவ்வைக் கடந்து உள்ளே இறக்கிவிடும். அதை வெளியேற்றப் போராடியே அந்தச் செல் சக்தியை இழக்கும். அசைவயிற்றில் கிராம் பாசிட்டிவ் எனப்படும் பாக்டீரியா வகைகள் குறைந்து, மாடு சக்தியாக்கிக்கொள்ளும் புரோப்பியோனிக் அமிலம் கூடி, மீத்தேனாக வீணாவது குறைவதால்தான் தீவனம் மிச்சமாகிறது. மனித மருத்துவத்தில் இதற்கு இடமில்லை. ஆனாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலப்பதற்கு இதையும் சேர்த்தே தடை செய்தது. பக்கத்தில் குதிரை கட்டியிருந்தால் இப்பொடியை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். மாடு தாங்கும் அளவு குதிரையைக் கொன்றுவிடும்.

மடிநோய் ஊசி கேட்காததற்குத் தீவனத்தைக் குற்றம் சொல்வதற்கு முன், பாலைச் சோதனைக்குக் கொடுத்து எந்த மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்று பார்த்துவிடுங்கள்.

பதில் 2 (நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி):
டாக்டர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரு பொருள் மனித மருந்தா இல்லையா என்பதைவிட, அதைத் தாங்கும் மரபணு வேறு எந்த மரபணுவோடு ஒரே பிளாஸ்மிடில் (பாக்டீரியாக்கள் தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு டிஎன்ஏ வளையம்) இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. டென்மார்க்கில் 1995இல் தீவன ஆன்டிபயாடிக்கான அவோபார்சினைத் தடை செய்த பிறகும், பன்றிகளின் குடலில் அதே குடும்பத்து மனித மருந்தான வான்கோமைசினுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் பாக்டீரியா குறையவில்லை. அந்த எதிர்ப்பு மரபணுவும் டைலோசின் என்ற வேறொரு ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் ermB மரபணுவும் ஒன்றாகப் பயணித்ததால், டைலோசின் தொடர்ந்த வரை இரண்டும் பிழைத்திருந்தன. 1998இல் பன்றி வளர்ச்சிக்கு டைலோசின் கொடுப்பதை நிறுத்திய பின்னரே சரிவு தெரிந்தது. அமெரிக்கக் கொழுப்பேற்றும் பண்ணைகளில் கூடுதல் செம்பு கொடுத்த மாடுகளின் சாணத்தில், செம்பைத் தாங்கும் tcrB மரபணுவுள்ள என்டரோகாக்கஸ் கிடைத்தது. அதனிடமும் ermB இருந்தது. மனிதருக்குக் கொடுக்கும் எரித்ரோமைசினும் டைலோசினும் ஒரே குடும்பம் என்பதால் ermB உள்ள கிருமி இரண்டுக்கும் அடங்காது. செம்போ ஆன்டிபயாடிக்கே அல்ல. அதனால் ‘மனித மருந்து இல்லை’ என்பதை மட்டும் வைத்து மோனென்சினால் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது.

கேட்டவர்:
அப்படியென்றால் தினமும் வைக்கும் தாது உப்புக் கலவையையும் நிறுத்திவிட வேண்டுமா? அதிலும் செம்பு இருக்கிறதே.

கால்நடை மருத்துவர்:
நிறுத்தாதீர்கள். செம்பு குறைந்தால் கண்ணைச் சுற்றி மயிர் வெளுக்கும், சினை பிடிப்பதும் தள்ளிப்போகும். ஈரத்தைக் கழித்துக் கணக்கிட்ட ஒரு கிலோ தீவனத்துக்குச் சுமார் 10 மில்லிகிராம் செம்பே மாட்டுக்குத் தேவை. கம்பெனித் தீவன மூட்டையிலேயே தாது உப்பு சேர்ந்திருக்கும். அதன் மேல் கலவையையும் கைக்கு வந்தபடி அள்ளிப் போடுவதால்தான் அளவு மீறுகிறது. மூட்டைச் சீட்டையும் கலவைப் பொட்டலத்தின் சீட்டையும் படமெடுத்து இங்கே போடுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன். மோனென்சின் பொடியை அதுவரை பிரிக்க வேண்டாம்.